செத்துக்கிடக்கத் தெரியாதவன்

தொலைக்காட்சியில் கிரீடம் வைத்த கரடி ஒன்று கோட்டை வாசலைப் பார்த்து அம்பு விட்டபோதுதான் இராஜசிங்கத்துக்குப் பிடிபட்டது, இது ஊரில் தாங்கள் ஆடிய நாடகம்.

கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கு. அதோடு அப்படியே நின்றுவிட்டான்.

ஜெர்மன் பேசும் கூர் என்ற நகரத்து அகதி முகாமில் புதன்கிழமை பின்னேரம் என்றால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. தொலைக்காட்சி அவர்களுடைய ஆட்சியில் இருக்கும். கார்ட்டூனுக்கு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை.

அறைக்கூட்டாளி குகநாதன் காலையிலிருந்து ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தான்.

"அண்ணை, நாளைக்கு எண்டாலும் அழுது கதையுங்கோ. மேடையில சனத்தையே அழவைச்ச ஆளல்லோ நீங்கள்!"

நாளை காலை ஒன்பது மணிக்கு இரண்டாவது விசாரணை. முதல் விசாரணையில், தம்பி மகேந்திரனை ராணுவம் சுட்ட கதையை இராஜசிங்கம் பஸ் நேரசூசி வாசிப்பதுபோல் சொல்லி முடித்திருந்தான். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்ட அதிகாரி கடைசியில் ஒன்று கேட்டார். வைத்தியர் எவரும் பார்க்கவில்லை. உடலையும் ராணுவம் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அப்படியானால் தம்பி இறந்துவிட்டான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

அதற்கு அவன் வாய் திறக்கவில்லை. 'பதில் இல்லை' என்று தட்டச்சு செய்துவிட்டார்கள். நாளைக்கும் அதே கேள்விதான் வரும். நாளைக்கும் பேசாமல் இருந்தால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கரடி விளக்குத் தேடிக்கொண்டிருந்தது.

இந்தப் பக்கத்து நாடுகளில் எவரோ எப்போதோ எழுதிய துன்பியல் நாடகம் அது. ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் அதைத் தமிழாக்கி, ராசாவுக்குச் சரிகைச் சால்வையும் கட்டிவிட்டார். இருட்டில் வாசலுக்கு வருகிறவனை எதிரி என்று நினைத்து ராசா அம்பு விடுகிறான். விளக்கைப் பிடித்துப் பார்த்தால் பெற்ற மகன். அவனைத் தூக்கிக்கொண்டு ஏழு படி ஏறுகிறான். ஏறி முடியும்வரை ஒப்பாரி. பிறகு திரை.

இராஜசிங்கம் ஏழு வருடம் ராசா. சேலைத் தலைப்பில் மூக்கைச் சிந்தாத பெண்கள் சுற்றுவட்டாரத்தில் இல்லை.

அதனால் அவன் தொழில் தெரிந்தவனாகத்தான் கரடியைப் பார்த்தான். விளக்குக்குப் பதில் ஒரு மின்மினிப் பூச்சி. ஏழு படிக்குப் பதில் எழுநூறு படி. கரடி அழுத கண்ணீரில் கரடியே வழுக்கி விழுந்து, மறுபடி அடிப்படியிலிருந்து ஏறியது. பிள்ளைகள் நிலத்தில் உருண்டு சிரித்தார்கள். குகநாதனும் சிரித்தான்.

இராஜசிங்கத்துக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. எட்டு மாதமாக அவனுக்கு எதுவும் வருவதில்லை.

கரடி மகனைத் தூக்கிய விதம் மட்டும் பிழை. காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. தலை இடது முழங்கை மடிப்பில் கிடக்க வேண்டும், முகம் ராசாவின் நெஞ்சுப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

அப்படி ஏன் என்பது சபைக்குத் தெரியாது. மகன் வேடம் கட்டியவனுக்குச் செத்துக்கிடக்கத் தெரியாது, அதுதான் காரணம். ராசா மூன்றாம் படியில் கால் வைக்கும்போதே பிணத்தின் வயிறு குலுங்கத் தொடங்கிவிடும். வருடத்துக்கு வருடம் பிணத்தின் பாரம் கூடியதே தவிர புத்தி கூடவில்லை. கடைசி வருடம் அதற்கு மீசையும் முளைத்திருந்தது.

ஒப்பாரிக்கு நடுவில் ராசா குனிவான். முத்தம் கொடுப்பதுபோல் அவன் காதில் சொல்வான்.

"சிரியாதையடா, சனம் பாக்குது."

அதைக் கேட்டால் பிணத்துக்கு இன்னும் பொங்கும். ஏழு வருடத்தில் ஒருமுறைகூட அடக்கியதில்லை. ராசாவின் தோளும் சேர்ந்து குலுங்கும். அதைப் பார்த்துச் சனம் விம்மி விம்மி அழும்.

கரடி மேல்படிக்கு வந்துவிட்டது. குட்டி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தது. பிறகு கெக்கட்டமிட்டுச் சிரித்து, அம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தகப்பனைத் தள்ளிக்கொண்டு படியிறங்கி ஓடியது.

இதுதான் சரி என்று இராஜசிங்கம் நினைத்தான். தலைமையாசிரியரிடம் இருந்த பிரதியில்தான் ஏதோ பிழை.

எட்டு மாதத்துக்கு முன், ஊர் ஒழுங்கையில் சுடுபட்டுக் கிடந்த மகேந்திரனைத் தூக்கியபோதும் பழக்கத்தில் அவனுடைய தலையை இடது முழங்கை மடிப்பில்தான் வைத்தான். முகத்தை நெஞ்சுப் பக்கம் திருப்பினான். எத்தனை மேடையில் தூக்கிய உடம்பு, பாரம் கைக்குத் தெரியும். வேலிக்கு அப்பால் சனம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவன் குனிந்து, தம்பியின் காதில் அதே வசனத்தைச் சொன்னான்.

கொஞ்சம் பொறுத்து இன்னொருமுறை சொன்னான்.

ட்ரக் வந்து பறித்துக்கொண்டு போகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தான்.

கார்ட்டூன் முடிந்து செய்தி தொடங்கியது. பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்கள். இராஜசிங்கம் கையிலிருந்ததை உரித்து முடித்து, மற்ற உருளைக்கிழங்கை எடுத்தான். நாளை ஒன்பது மணிக்குச் சொல்ல அவனிடம் பதில் இருந்தது. அழவேண்டிய அவசியம்கூட இல்லை, இரண்டே சொல்.

தம்பி சிரிக்கவில்லை.