துணியும் மண்ணும்

செங்கல்பட்டில் சவப்பெட்டி செய்யும் செங்கல்வராயன், கல்பாக்கத்து ஜெபகுமார் கொண்டுவந்த துணி மூட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

“இன்னா சார், உள்ள ஒண்ணுமே இல்லியே?”

“எகிப்துல பூனை மம்மிங்களை எக்ஸ்ரே எடுத்தாங்க. சிலதுல பூனையே இல்ல. வெறும் துணியும் மண்ணும்தான். ஆனா, அதையும் பெட்டியில வச்சு முறையா அடக்கம் பண்ணியிருக்காங்க.”

செங்கல்வராயனுக்குச் சிரிப்பு வந்தது. “காணாமப் போன பூனைக்கா சார் பெட்டி? வேற ஒண்ணு எடுத்து வளத்துக்கோ சார்.”

ஜெபகுமார் மூட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“இது என் மக சுஷ்மிதாவோட கவுன். உள்ள கொஞ்சம் கடற்கரை மண்ணு. சுனாமி அன்னிக்குக் காலையில விளையாடப் போனா. முப்பது நாளாச்சு, உடம்பு கிடைக்கல.”

 செங்கல்வராயன் அளவு நாடாவை எடுத்தார்.

“பாப்பா இன்னா ஒசரம் சார்?”