முதல் டோஸ் மாப்பிள்ளைக்கு

“மனுஷங்க வெளியில காத்துக் கிடக்கறோம். நீங்க பிளாஸ்டிக்குக்கு வைத்தியம் பாக்கறீங்களா?”

கணவர் கத்தியதில் தப்பே இல்லை என்றுதான் காத்திருந்த எல்லாரும் நினைத்தார்கள். அவர் மனைவிக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர்வீச்சு சிகிச்சைக்கு இன்று முதல் நாள். ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மணி பத்தரை. கண்ட்ரோல் ரூம் டிவியில் பார்த்தால், மனைவி படுக்க வேண்டிய கட்டிலில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி சொகுசாகப் படுத்திருக்கிறது. மெஷின் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

கதிர்வீச்சின் அளவைச் சரிபார்க்கும் பிஸிசிஸ்ட் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அது எங்க மாப்பிள்ளை சார். எல்லா உபசாரமும் முதல்ல அவருக்குத்தான். அவர் வயித்துக்குள்ள அளக்கற கருவி இருக்கு. உங்க வீட்டம்மாவுக்குப் போட்ட பிளானை அப்படியே அவருக்குக் கொடுத்துப் பாக்கறோம்.”

“கம்ப்யூட்டர் கணக்குப் போட்டாச்சு. டாக்டரும் கையெழுத்து போட்டாச்சு. அப்புறம் என்ன?”

“கணக்கைவிட நூத்துக்கு மூணு அதிகமா காட்டுது.”

“மூணுதானே? கண்டுக்காம விடுங்க மேடம். ஒரு கையெழுத்தைப் போட்டா வேலை முடிஞ்சுது.”

“கட்டிக்குப் பக்கத்துலயே தண்டுவடம் போகுது சார். ஏழு வாரம் கொடுக்கணும். தினமும் கூடப் போனா யார் பதில் சொல்றது?”



“விடுங்க, அவங்க பாத்தே கொடுக்கட்டும். தொண்டை என்னோடது” என்றாள் மனைவி, கம்மிய குரலில்.

பிஸிசிஸ்ட் அம்மா உள்ளே போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டே வெளியே வந்தார்.

“தப்பு என்னோடதுதான். ஏசி ஸ்டோர்லேர்ந்து எடுத்துட்டு வந்து உடனே வெச்சுட்டேன். பெட்டி இன்னும் சில்லுனு இருக்கு. அப்படி இருந்தா கருவி கூடத்தான் காட்டும். அறைச் சூட்டுக்கு வந்ததும் மறுபடியும் அளக்கறேன். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், மன்னிச்சுக்குங்க.”

யாரும் கேட்காமலே தப்பை ஒத்துக்கொண்டதோடு விடவில்லை. நோட்டை எடுத்து, தன் பெயரைப் போட்டு அதை எழுதியும் வைத்தார். கணவர் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றே முக்காலுக்குக் கம்ப்யூட்டர் கணக்கும் கருவி காட்டிய அளவும் ஒத்துப்போயின.

“அப்ப பிளான் முதல்லேர்ந்தே சரிதானா மேடம்?”

“சரியா இருக்கும்னு காலையில நம்பினேன் சார். இப்பத்தான் தெரியும். அம்மாவைக் கூட்டிட்டு வாங்க.”

மனைவி உள்ளே போனாள். கணவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து போய் லிஃப்ட் அருகில் இருந்த காவலாளியிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார்.

அரை மணி நேரத்தில் மனைவி சிரித்த முகத்தோடு வந்தாள். “ஒண்ணுமே தெரியலைங்க. படுத்தேன், எழுந்தேன், அவ்வளவுதான்.”

கணவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இருவரும் லிஃப்டுக்கு வந்தார்கள். கதவுக்குக் குறுக்கே ஒரு நாற்காலி போட்டிருந்தது.

“காலையில நல்லாத்தானே ஓடிச்சு?” என்று மனைவி காவலாளியைக் கேட்டாள்.

“லிஃப்ட் இன்ஸ்பெக்டரே நிறுத்துன்னு சொன்னா நான் என்னம்மா பண்றது?” என்று அவர் கணவரைக் கை காட்டினார். “ஸ்ட்ரெச்சரெல்லாம் சாய்வுப் பாதையில போகுது.”

மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஏங்க, போன மாசம் இந்த லிஃப்டுக்கு நீங்கதானே சான்றிதழ் கொடுத்தீங்க? உள்ள மாட்டியிருக்கே, உங்க கையெழுத்தோட.”

கணவர் அவள் கையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் திருப்பினார்.

“கையெழுத்து என்னோடதுதான். லிஃப்டை இனிமேதான் பாக்கணும்.”