கல்மண்டபத்து விசில்

கல்மண்டபம் ஏரியாவில், தண்ணி லாரிக்குப் பின்னால் உருட்டுக்கட்டையோடு பதுங்கியிருந்தார் ஸ்டானிஸ்லாஸ். துணைக்கு அடுத்த வீட்டு ஃப்ரெடி.

ஹார்பரில் கிரேன் ஓட்டும் அவர் டூட்டிக்குக் கிளம்பித் தெருமுனை தாண்டினால் போதும், எவனோ விசிலடிக்கிறான். வீட்டில் வயசுப் பெண் சில்வியா தனியாக இருக்கிறாள். வருகிற ஞாயிறு அவளைப் பெண் பார்க்கக் காலடிப்பேட்டையிலிருந்து வருகிறார்கள். அதற்குள் அந்தப் பயலின் பல்லைக் கழற்றியாக வேண்டும்.

"எவனா இருந்தாலும் கீசிடலாம் மாமா," என்றான் ஃப்ரெடி.

"உன்ன மாதிரி புள்ள தெருவுக்கு ஒண்ணு இருந்தா போதும்டா."

விசில் வந்தது. ஃப்ரெடியின் முகம் வெளுத்துவிட்டது. பயந்தாங்கொள்ளி என்று அவனையும் இழுத்துக்கொண்டு, சத்தம் வந்த எதிர் வீட்டு மாடிக்கு ஓடினார்.

அங்கே லாரி டிரைவர் சாவியோ ஒரு கூண்டுக்குள் பழம் வைத்துக்கொண்டிருந்தான். உள்ளே மைனா சைஸில் ஒரு பறவை. கருநீலம், வெயில் பட்ட இடமெல்லாம் மயில் கழுத்தாய் மின்னியது. அலகைத் திறந்து அதே விசிலை அடித்தது.

"வால்பாறை மலைக்காட்டுப் பறவை மாமா. ரெக்கை ஒடிஞ்சி ரோட்ல கெடந்துச்சி, பாவம்னு தூக்கியாந்தேன். வந்தப்போ வேற இன்னாமோ பாடிச்சி. காதுல வுழறத அப்டியே புடிச்சிக்குது."

ஸ்டானிஸ்லாஸ் அதையெல்லாம் எங்கே கேட்டார்? கட்டையைப் போட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். அவரைவிட ஃப்ரெடிதான் அதிகம் சிரித்தான்.

"நீ வூட்டுக்குப் போ நைனா. நானும் டூட்டிக்குக் கெளம்பறேன்."

ஃப்ரெடி போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் இந்த விசில் விழுந்தால் என்ன நினைப்பார்கள்? பறவை கண்ணெதிரே இருந்துவிட்டால் சந்தேகமே வராது. சாவியோவிடம் கேட்டு, கூண்டைத் தூக்கி வந்து தன் வீட்டுப் பின்பக்க ஜன்னலில் மாட்டினார்.

சில்வியா பதறிவிட்டாள். "ஐயோ, வாணாம்பா! திருப்பிக் குடுத்துடுப்பா!"

"குருவியப் பாத்து இன்னாத்துக்கும்மா பயம்? அது பாட்டுக்குப் பாடிகினு கெடக்கட்டும்."

பறவைக்குப் புது இடம் பிடித்துப்போனது. விடாமல் விசிலடித்துத் தள்ளியது.

பின்பக்கச் சுவரைத் தாண்டி யாரோ தொப்பென்று குதிக்கும் சத்தம். தொடர்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே ஃப்ரெடியின் குரல்.

"ஒரு விசிலு போதாதா சில்வி? அதான் வந்துட்டேன்ல!"