எடை குறைப்பு

"எனக்குப் போதும்" என்ற வெல்டர், தன் தட்டில் பாதியைப் பிள்ளைகளின் தட்டுகளுக்கு மாற்றினான். "டிராக் ரேஸ்ல கார் ஓட்டுறவன் எடை குறைஞ்சாத்தான் வண்டி பறக்கும். நாலு மாசத்துல பதினோரு கிலோ குறைச்சிருக்கேன், தெரியுமா?"

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விலைவாசி இருக்கிற இருப்புல ரேஸ் ஒண்ணுதான் குறைச்சல்! உங்ககூட ஓட்டினவங்க எல்லாம் வண்டியை வித்துட்டுப் பிழைப்பைப் பார்க்கறாங்க. நீங்களும் வித்துத் தொலைங்களேன்."

"அது என் உயிருடி. வாடகை ஏறினப்போ ஓவர்டைம் பார்த்துக் குடுத்தேன்ல? அப்புறம் என்ன? வண்டியோட உறையைக்கூட யாரும் தொடக் கூடாது."

மறுநாள் அவன் வேலைக்குக் கிளம்பியதும், பழைய கார் வாங்குகிறவரை அவளே வரவழைத்தாள்.

"வீட்டுக்காரருக்குத் தெரியுமாம்மா?"

"வித்தப்புறம் தெரிஞ்சா போதும். கத்தினா கத்தட்டும். எனக்குப் பிள்ளைங்க வயிறுதான் முக்கியம்."

கொட்டகையில் உறை இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. வியாபாரி முடிச்சை அவிழ்த்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

உள்ளே நான்கு தகர டிரம்கள். அவற்றின்மேல் பழைய கட்டில் சட்டம். கார் இல்லை.

சட்டத்தில் செருகியிருந்த ரசீதை எடுத்துப் படித்தவர் விழித்தார். "என்னம்மா இது, வண்டியை வித்து நாலு மாசமாச்சே!"

நாலு மாதம். வாடகை ஏறிய மாதம். ஓவர்டைம் பணம் வந்த மாதம்.

அவள் டிரம்மைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓட்ட வண்டியே இல்லையே... அப்போ அந்தப் பதினோரு கிலோ?"