ஈயம் இல்லாத கணினி

பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் பழைய கணினிகளுக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவது உஷாராணியின் வேலை. ‘ஈயம், பாதரசம் அறவே இல்லை’ என்று அதில் அச்சாகியிருக்கும்.

“பாஸ், உள்ள ரெண்டும் இருக்கே?”

முதலாளி மெய்யப்பன் சிரித்தார். “வாங்குறவன் பிரிச்சா பாக்கப் போறான்? ஒட்டு லா!”

அவளும் சிரித்துக்கொண்டே மூன்று வருடம் ஒட்டினாள்.

ஒருநாள் அவள் கணவன் முகுந்தன் ஆஸ்பத்திரியிலிருந்து ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வந்தான். கிள்ளானில், கழித்துப்போட்ட கணினிகளை உடைக்கும் வேலை அவனுக்கு.

“ரத்தத்துல ஈயம் ஏறிப்போச்சாம்.”

“மாஸ்க் போடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!” என்று அலறினாள் உஷாராணி.

“டாக்டர் உளறுறாரு லா. பச்சை ஸ்டிக்கர் இருந்தாதான் நான் மாஸ்க்கையே கழட்டுவேன். இப்பல்லாம் எல்லாத்துலயும் அது இருக்கே!”