மூன்றாவது கசிவு

முதல் உதை மெஷினுக்கு விழுந்தது.

இரண்டாவது உதை, மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்துக் கிடந்த பல்லியின் முழங்காலுக்கு. குறி தவறி விழுந்ததா, குறிபார்த்தே விழுந்ததா என்று விசாரிக்கிற நிலையில் அவன் இல்லை.

பல்லி என்பது வாஷிங்மெஷின் மெக்கானிக்குக்கு ஊர் வைத்த பெயர். எந்தச் சந்திலும் நுழைந்துவிடுகிற உடம்பு. பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் எடுபடாத ஒல்லி, தொழிலில் மட்டும் சோறு போட்டது.

“மாசத்துல மூணாவது தடவை வர்றே. ஒரு நட்டை இறுக்கத் துப்பில்ல. உன் கையில எவன்டா ஸ்பேனரைக் குடுத்தான்?” என்றார் வீட்டுக்காரர்.

பல்லிக்கே பல நாளாக அந்தச் சந்தேகம் உண்டு.

அதனால்தான் போன முறை தண்ணீர் வருகிற ரப்பர் ஹோஸை மெஷினில் பொருத்தி ப்ளையர் போட்டு முறுக்கியதும், நட்டின் மேலும் அது உட்காரும் இடத்தின் மேலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு இழுத்திருந்தான். தன்னைத் தானே நம்பாதவனின் பழக்கம். நட்டு திரும்பினால் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

டார்ச் அடித்துப் பார்த்தான். கோடு விலகியிருந்தது.

மெஷின் ஆடுகிற ஆட்டத்தில் ஒரு நூலளவு விலகலாம். இது அரைச் சுற்று.

நட்டின் வரிகளுக்குள் ரத்தம் காய்ந்திருந்தது. சுருண்டுபோன தோல் துணுக்கு ஒன்றும்.

ப்ளையர் போட்டு முறுக்கியதை யாரோ வெறுங்கையால் கழற்றியிருக்கிறார்கள்.

பல்லிக்குச் சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தப்பு அவன் மேல் இல்லை! பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் பக்கம் சாட்சி இருக்கிறது. கத்திச் சொல்ல வாயைத் திறந்துகொண்டே தலையைத் திருப்பினான்.

வீட்டுக்காரரின் மனைவி வாளியோடு நின்றிருந்தாள். வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. இடது கண்ணுக்குக் கீழே கன்றிப்போன நீலம், ஓரத்தில் மஞ்சளாக ஆறத் தொடங்கியிருந்தது.

தலை அசையவில்லை. கண் மட்டும் வேண்டாம் என்றது.

அதற்குள் கணுக்காலைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்துப் போட்டார் வீட்டுக்காரர். “பாருடா உன் வேலை லட்சணத்தை!” என்று குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். தண்ணீர் பின்பக்கமிருந்து சீறி, சுவரில் மோதி, தரையெல்லாம் ஓடியது.

சட்டையைக் கொத்தாகப் பிடித்து நிறுத்தி அறைந்தார்.

காதுக்குள் வண்டு ஒன்று குடிபுகுந்தது. இரண்டாவது அறையில் உதடு கிழிந்து வாய் உப்புக் கரித்தது.

சொல்லிவிடலாம். ‘உங்க வீட்டம்மாதான் சார்.’ மூன்றே வார்த்தை. பல்லி வீரன் இல்லை. ஊசி போடப் போனாலே நர்ஸுக்கு முன்னால் அழுகிறவன். வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

முஷ்டி உயர்ந்தது.

காலிங்பெல் அடித்தது.

கீழ்வீட்டுக்காரர். வழுக்கைத் தலையில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. “நான் காலையிலயே குளிச்சாச்சு சார். மறுபடியும் மேலேர்ந்து ஊத்துறீங்களே!”

உயர்ந்த முஷ்டி காற்றிலேயே விரிந்தது. விரிந்த கை கீழே இறங்கி, பல்லியின் காலரை அன்பாக நீவிவிட்டது.

“அடடா, வாங்க வாங்க! உக்காருங்க. தம்பி பாத்துக்கிட்டுதான் இருக்கான்.”

எத்தனையோ மெஷின் பார்த்தவன் பல்லி. இவ்வளவு வேகத்தில் சுற்றை மாற்றிக்கொள்கிற மெஷினைப் பார்த்ததில்லை.

கீழ்வீட்டுக்காரர் கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போன இரண்டு முறையும் இதே நாற்காலியில்தான் இருந்தார். சொட்டு நிற்கும்வரை நகரமாட்டார். அவர் இருந்த நேரமெல்லாம் இந்த வீட்டில் ஒரு குரல்கூட உயர்ந்ததில்லை என்பது பல்லிக்கு இப்போதுதான் உறைத்தது.

குழாயை மூடிவிட்டு அவள் அவன் காலடியில் குந்தி, தரைத் தண்ணீரைத் துணியில் ஒற்றி வாளியில் பிழிந்தாள். பிழிகிற சத்தத்துக்கு அடியில் சொன்னாள்.

“கத்தினா யாரும் வர்றதில்லண்ணே. தண்ணி எறங்கினாத்தான் வர்றாங்க.”

பல்லி உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

“தப்பு என்னோடதுதான் சார். போன தடவை நட்டைச் சரியா இறுக்கல” என்றான், கூடம்வரை கேட்கும்படி.

“பாத்தீங்களா? அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான்!” வீட்டுக்காரருக்கு மலையைப் பெயர்த்த பெருமை.

பல்லி மறுபடி சந்துக்குள் நுழைந்தான். ரத்தத்தைத் துடைத்தான். சிவப்புக் கோட்டை நகத்தால் சுரண்டி எடுத்தான். நட்டை இரண்டு விரலால் மட்டும் திருகினான். குழாயைத் திறக்கச் சொல்லி, ஒரு சொட்டும் இல்லை என்று தெரிந்ததும் அதோடு நிறுத்திக்கொண்டான்.

வெளியே வந்து, மெஷினைப் பழையபடி சுவரோடு தள்ளிவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டான்.

“மெஷினைச் சுவரோட ஒட்டி வைக்காதீங்க சார். பின்னாடி தூசி அடையுது. கை போய் தொடைக்க இடம் வேணும்.”

“தொடைக்கிறதெல்லாம் இவதான். எவ்வளவு இடம்?”

“அப்ப அவங்க கைக்கே அளவு பாத்துரலாம் சார்.”

வீட்டுக்காரரே தம் பிடித்து மெஷினை முன்னால் இழுத்துக்கொடுத்தார். அவள் துணி சுற்றிய கையைச் சந்துக்குள் விட்டாள். முழங்கைவரை போனது.

“எட்டுதாம்மா?” என்றான் பல்லி.

“எட்டுதுண்ணே.”