சூனர்

விர்ஜில் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு கடைசிக் கோட்டைத் தாண்டி விழுந்தான்.

ஓக்லஹோமாவின் நார்மன் நகரத் திடலே எழுந்து நின்றது. "சூனர்! சூனர்!"

கல்லூரி அணிக்கு அந்த வருடம்தான் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். ஆர்ஃபாவும் எழுந்தாள். விழுந்து கிடந்தவன் அவள் மகன்.

கணவர் லெவி மட்டும் எழவில்லை. "உக்காருடி. அது நமக்கு ஆகாத வார்த்தை."

அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது.

பூர்வகுடிகளிடமிருந்து பிடுங்கிய ஓக்லஹோமா நிலத்தை அரசாங்கம் குடியேற வந்தவர்களுக்குத் திறந்துவிட்ட நாளில், எல்லோரும் எல்லைக் கோட்டில் நிற்க வேண்டும் என்றது சட்டம். நண்பகலில் துப்பாக்கி வெடித்த பிறகே உள்ளே ஓடலாம்.

அதற்கு முன்பே திருட்டுத்தனமாக நுழைந்து பதுங்கியவன்தான் சூனர்.

கோர்ட்டில் அது நிரூபணமானால் உழுத நிலம் போய்விடும். லெவியின் அண்ணன் அப்படித்தான் ஒரு மழைநாளில் வண்டி கட்டிக்கொண்டு போனார்.

பத்தொன்பது வருடங்களாக அவர்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லை உச்சரித்ததில்லை.

முன்வரிசையிலிருந்து பர்டெட் திரும்பினார். பக்கத்து நிலத்துக்காரர். துப்பாக்கிச் சத்தம் கேட்டுத்தான் குதிரையைத் தட்டினேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவர். அண்ணனுக்கு எதிராகச் சாட்சி சொன்னவரும் அவரே.

இப்போது அவருக்கும் அந்தச் சொல்லைக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"உம்ம பையன் சிங்கம்யா, லெவி! எங்க பொறந்தான், எல்லைக்கு அந்தப் பக்கம் கான்சஸ்லயா?"

"ஆமா, கான்ச..."

"இல்ல" என்றாள் ஆர்ஃபா.

லெவியின் கை அவள் மணிக்கட்டை இறுக்கியது.

கீழே பையன்கள் விர்ஜிலைத் தோளில் தூக்கியிருந்தார்கள். முகமெல்லாம் செம்மண். திடல் மொத்தமும் அவனைப் பார்த்துத்தான் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"இங்கதான் பொறந்தான், பர்டெட். எங்க ஓடைப் பள்ளத்துல, புதருக்குள்ள. வெளிய கேட்டுடக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பெத்தேன். மறுநாள் மத்தியானம்தான் உங்க துப்பாக்கி வெடிச்சுது."